அடியார் வாயும் நவீன வாத்தியமும்

(கோத்தா கோலா மூடாவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



வழிவழி வந்த பக்திப் பாடல்களையும் மந்திரங்களையும் நவீன வாத்தியங்களோடு கலந்து புதுப்பித்து ஒலிக்கச் செய்வது தகுமா என்பது எனக்கு இன்று அளிக்கப்பட்டிருக்கும் விஷயம். இதைக் கேட்டவுடனே சபையில் இரண்டு கட்சிகள் தோன்றிவிடும் என்பதை அறிவேன். ஒரு சாரார்க்குக் காயத்திரி மந்திரத்தின் பின்னே மின்கித்தார் ஒலித்தாலே அபசாரம். மற்றொரு சாரார்க்கோ, அவ்வாறு ஒலிக்காவிட்டால் பிள்ளைகள் கோயில் வாசலையே மிதிக்கமாட்டார்கள் என்னும் அச்சம். இரு திறத்தாரும் வாத்தியத்தைப் பார்த்தே வழக்காடுகிறார்கள். நாம் பார்க்கவேண்டியது சந்நிதிக்கு எதிரே தரையில் அமர்ந்திருக்கும் ஜனங்களின் வாயை என்பது என் அபிப்பிராயம். எந்த வாத்தியம் சேர்ந்தபோது கூட்டம் கூடச் சேர்ந்து பாடுகிறதோ, அது நேற்றுச் செய்த கீபோர்டே ஆயினும், கூட்டு வழிபாட்டுக்கு உரியது. எந்த வாத்தியம் சேர்ந்தபோது பாடிக்கொண்டிருந்த கூட்டம் வாய்மூடிக் கேட்கத் தொடங்கிவிடுகிறதோ, அது ஆயிரம் ஆண்டுப் பழமை உடையதே ஆயினும், அந்த வேளைக்கும் அந்த இடத்துக்கும் உரியதன்று. இன்று நான் நிறுவ முற்படுவது இந்த ஒரே கருத்தைத்தான்.

இதைச் சொல்வதற்கு இந்த ஊரைக் காட்டிலும் பொருத்தமான இடம் வேறில்லை. மூடா ஆறு கடலோடு கலக்கும் இக்கரைக்கு வடக்கே ஜெராய் மலை நிற்கிறது. அதன் அடிவாரத்தில் விரிந்து கிடப்பது பூஜாங் பள்ளத்தாக்கு. நம் முன்னோர் கடாரம் என்று அழைத்த நிலம் இது. கடாரத்து அரசன் பெயரால் நாகப்பட்டினத்தில் எழுந்த சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஊர் கொடுத்த செய்தியை, ஆலந்து நாட்டு லெய்டன் நகரின் பெயரால் வழங்கும் செப்பேடுகள் கூறுகின்றன. அந்த இராசராசனே தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்வதற்கு 48 பேரை நியமித்து, அவர்களுக்குத் துணையாக உடுக்கை வாசிப்பார் ஒருவரையும் கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரையும் அமர்த்தி, ஆளுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல் கிடைக்கும்படி கல்லில் வெட்டி வைத்தான். 48 குரல்களுக்கு 2 வாத்தியங்கள். அரசனுடைய பண்டாரத்தில் வாத்தியங்களுக்குப் பஞ்சம் இருந்திருக்க இயலாது. ஆடல் மகளிர் 400 பேரை அக்கோயிலுக்குக் கொண்டுவந்து குடியேற்றிய அரசன் அவன். அவ்வளவு செல்வமும் அதிகாரமும் உடையவன் பதியம் பாடும் இடத்தில் மட்டும் குரலைப் பெருக்கி வாத்தியத்தைச் சுருக்கினான் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

1. பழமை என்று நாம் கருதுவதன் வயது

சம்பிரதாயத்தைக் காக்கவேண்டும் என்று வாதிக்கும் நண்பர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. நீங்கள் சம்பிரதாய வாத்தியம் என்று போற்றுகின்றவற்றுள் பல, ஒரு காலத்தில் நூதனமாக வந்து சேர்ந்தவையே. கர்நாடக சங்கீதக் கச்சேரியில் பாடகருக்கு இடப்புறம் அமர்ந்து, அவர் மூச்சுவிடும் இடத்தை நிரப்பும் வயலின், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியாகிய பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) போன்றோர் கற்றுக் கொணர்ந்த ஐரோப்பிய வாத்தியம். அண்ணனாகிய முத்துசுவாமி தீட்சிதரோ அதற்கும் ஒருபடி மேலே சென்று, ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியக் குழுக்கள் வாசித்த மெட்டுக்களுக்கே சமஸ்கிருதத்தில் தெய்வத் துதிகளை இயற்றினார். நோட்டுஸ்வரம் என்று வழங்கும் அவை ஏறத்தாழ 40. ஆங்கிலேய அரசரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டிலேயே அம்பிகையைப் பாடும் சாகித்தியம் ஒன்று அவற்றுள் உண்டு. இன்றைய மொழியில் அதைக் கலப்பிசை என்றுதான் சொல்லவேண்டும். அதைச் செய்தவரோ, நவாவரணக் கீர்த்தனைகளைச் செய்த அதே மகான்.

தஞ்சை அரண்மனையின் பாண்டு வாத்தியமாயிருந்த கிளாரினெட், சதிர்க் கச்சேரிக்குள் புகுந்து, பின்னர் ஏ.கே.சி. நடராஜன் கையில் தனிக் கச்சேரி வாத்தியமாக உயர்ந்தது. நாகசுர மரபில் வந்த கத்ரி கோபால்நாத், மைசூர் அரண்மனைப் பாண்டில் ஒலித்த சாக்ஸபோனை எடுத்துக் கீர்த்தனைகளை வாசித்து ஜனங்களைச் சொக்கவைத்தார்.

ஆர்மோனியத்தின் கதை இவற்றினும் சிந்திக்கத்தக்கது. பிரான்சு தேசத்தில் பிறந்து, கல்கத்தாவில் கைத்துருத்தி வடிவம் பெற்று, நாடகக் கொட்டகை வழியாகப் பஜனை மடத்துக்கு வந்த அப்பெட்டியை, கமகம் பேசாத வாத்தியம் என்று காரணம் காட்டி அகில இந்திய வானொலி 1940இல் விலக்கி வைத்தது. 30 ஆண்டுகளுக்குப் பின்னரே அத்தடை தளர்ந்தது. சீக்கியரிடையேயும் இந்த விவாதம் ஓயவில்லை. அமிருதசரசுப் பொற்கோயிலின் கீர்த்தனத்தில் ஆர்மோனியத்தைப் படிப்படியாக விலக்கி, குருமார் காலத்து நரம்புக் கருவிகளை மீண்டும் கொணரவேண்டும் என்று 2022இல் அகால் தக்து பீடம் கூறியது. வானொலியாரின் குற்றச்சாட்டு சாஸ்திர ரீதியில் உண்மையே. ஆர்மோனியக் கட்டைகள் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லமாட்டா. ஆனால் கச்சேரி மேடையில் குறையாகிய அந்த இயல்பே, சங்கீதம் பயிலாத நூறுபேர் சேர்ந்து பாடும் இரப்பர்த் தோட்டத்து மண்டபத்தில் பேருதவியாயிற்று. அசையாத சுரம் ஒன்று காதில் விழுந்துகொண்டிருந்ததால், சுருதி அறியாதவனும் அதைப் பற்றிக்கொண்டு பாடினான். ஒரே வாத்தியம் ஓரிடத்தில் ஊறாகவும் மற்றோரிடத்தில் உதவியாகவும் அமையுமானால், விலக்குவதா ஏற்பதா என்பதை வாத்தியத்தின் பெயரைக் கொண்டு எப்படித் தீர்மானிப்பது?

இன்னும் ஒன்று. கந்தர் சஷ்டி கவசத்தைப் புதிய தாளத்தில் கேட்டவுடன், ‘பாரம்பரிய மெட்டைக் கெடுத்துவிட்டார்கள்’ என்று பலர் வருந்துகிறார்கள். அவர்கள் மனத்தில் ஒலிக்கும் அந்த மெட்டு எது? சூலமங்கலம் சகோதரிகளாகிய ஜெயலட்சுமியும் ராஜலட்சுமியும் இராகமாலிகையாகப் பாடி, இசைத்தட்டாக வெளிவந்து, உலகெங்குமுள்ள தமிழர் வீடுகளில் விடியற்காலை ஒலித்த மெட்டு. கவசத்தை இயற்றிய தேவராய சுவாமிகள் 19ஆம் நூற்றாண்டினர். அவருக்குப் பின் பல தலைமுறைகள் கழிந்து, ஒலிப்பதிவுக் கூடத்தில், பக்கவாத்தியங்களோடு உருவான அமைப்பையே நாம் அநாதி காலத்து மெட்டாகக் கருதிப் போற்றுகிறோம். போற்றுவது தவறன்று. அதைப் போற்றும்படி செய்தது அதன் பழமையன்று என்பதே நான் கூறவந்தது. அச்சகோதரிகள் ஒவ்வோர் அடியையும் தெளிவாக, அளவான வேகத்தில், வீட்டுப் பெண்மணி அடுப்படியில் நின்றபடியே கூடச் சொல்லத்தக்க முறையில் பாடினார்கள். ஏறத்தாழ 20 நிமிட நேரம் ஓடும் அந்நீண்ட பாடலை ஏடு பாராமல் சொல்லக்கூடியவர்கள் இம்மண்டபத்திலேயே பலர் இருப்பீர்கள்; உங்களுக்குக் கற்பித்த ஆசிரியர் அந்த இசைத்தட்டு. யந்திரத்தில் சுழன்ற தட்டே ஜனங்களின் வாயைத் திறந்துவிட்டது என்றால், யந்திரத்தையும் நாம் பகைக்கவேண்டியதில்லை.

2. சொல்லின் அளவு

அப்படியானால் எதை வேண்டுமாயினும் எதனோடும் கலக்கலாமா எனின், கலக்கலாகாது. பாடலுக்கு உள்ளேயே ஓர் அளவு இருக்கிறது. அதை வாத்தியம் மீறலாகாது.

திருஞானசம்பந்தரோடு உடன் சென்று அவர் பதிகங்களை யாழில் இசைத்த திருநீலகண்ட யாழ்ப்பாணர் வரலாற்றைச் சேக்கிழார் கூறுகிறார். தருமபுரத்தில் பாணரின் சுற்றத்தார், பதிகத்தின் பெருமையெல்லாம் அவர் யாழில் இட்டு வாசிப்பதனால் வந்தது என்று பேச, அது பொறாத பாணர், யாழில் அடங்காத பதிகம் ஒன்றைப் பாடியருளும்படி சம்பந்தரையே வேண்டினார். அவ்வாறு பாடப்பெற்ற பதிகத்தை நரம்பில் இட இயலாது கலங்கி, யாழை உடைக்க ஓங்கினார் பாணர். சம்பந்தர் அதைத் தடுத்து யாழைக் கையில் வாங்கி, கருவியில் இசைந்த அளவுக்கு வாசியும் என்று திருப்பிக் கொடுத்தார். யாழ் முறிக்கப்படவுமில்லை, யாழுக்காகப் பதிகம் சுருக்கப்படவுமில்லை. வாத்தியமும் பாடலும் எப்படிச் சேர்ந்து வாழவேண்டும் என்பதற்கு இதனினும் உயர்ந்த பிரமாணம் எனக்குத் தெரியவில்லை.

வேதம் ஓதுவாரிடத்தில் இந்த அளவு மிகக் கடுமையானது. உதாத்தம், அனுதாத்தம், சுவரிதம் என்னும் சுரங்கள் பிறழாமல், பதம், கிரமம், ஜடை, கனம் என்று சொற்களை முன்னும் பின்னும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பழகி, ஓர் அட்சரமும் நழுவாதபடி காத்த அம்மரபை 2003இல் யுனெஸ்கோ மனித குலத்தின் வாய்மொழிச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது. அங்கே சுரம் அலங்காரமன்று, உச்சரிப்பின் அங்கம். அப்பேர்ப்பட்ட மந்திரத்துக்கு நாலு சுர ‘கார்டு’ ஒன்றை அடியில் வைத்து மேலே புல்லாங்குழல் ஓட்டும்போது, ஓதுகிறவரின் சுரம் தானாகவே அந்தக் கார்டின் பக்கம் சாய்ந்துவிடும். பாடலாகக் கேட்பதற்கு அது இனிமையாயிருக்கலாம். வேதபாடம் என்று அதைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாகாது.

தமிழில் இதற்கு இணையான நிலை திருப்புகழுக்கு உண்டு. அருணகிரிநாதர் சந்தத்தைச் சொல்லுக்கு உள்ளேயே கட்டிவைத்துவிட்டார். மத்தளம் இல்லாமல் படித்தாலும் மத்தளம் ஒலிக்கும். நண்பர் ஒருவரின் பிள்ளை கணினியில் ஒரு திருப்புகழைப் புதுப்பித்திருந்ததை அண்மையில் கேட்டேன். அவன் சிரத்தையில் குறைவில்லை; குரலும் நல்ல குரல். ஆனால் அந்தச் சந்தம் ‘தகிட தகதிமி’ என்று ஏழேழு மாத்திரையாக நடப்பது. அவன் எடுத்துக்கொண்ட தாளச் சுழற்சியோ, நடனக்கூடங்களில் ஒலிப்பதுபோல் எட்டில் சுழல்வது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மாத்திரை மிஞ்சுகிறது. மிஞ்சியதை என்ன செய்வது? அடியின் இறுதியிலோ நடுவிலோ உள்ள ஒரு குற்றெழுத்தை இழுத்து நிரப்பவேண்டியதாயிற்று. குறில் நெடிலானால் நம் மொழியில் பொருளே மாறிவிடும்: ‘மலை’ ‘மாலை’யாகும், ‘அடி’ ‘ஆடி’யாகும். முருகன் அடி தொழ வந்தவன் ஆடி மாதத்தைத் தொழுததுபோல் ஆகிவிடும். அவனிடம் இதைச் சொன்னபோது, தாளச் சுழற்சியை ஏழாக மாற்ற அந்தக் கணினியிலேயே வழி உண்டு என்று அவனே எனக்கு விளக்கினான். அவ்வாறே திருத்தியும் அமைத்தான். குற்றம் கணினியினிடத்தில் இல்லை. பாடலின் அளவை முதலில் எண்ணிப் பார்த்துவிட்டுத் தாளத்தை அமைக்கவேண்டும் என்பதை அவனுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

3. கேட்கும் இசையும் வழிபடும் இசையும்

இவ்விரண்டுக்கும் உள்ள பேதத்தைச் சுருக்கமாகவே சொல்லிச் செல்கிறேன். பக்தி இலக்கியத்தைப் பெரும் வாத்தியக் குழுவோடு இசைத்து, ஆழ்ந்து கேட்பதற்கென்றே அமைக்கும் முயற்சிகள் உண்டு. 2005இல் இளையராஜா திருவாசகத்தைப் புடாபெஸ்டு சிம்பொனிக் குழுவினரோடு இசைத்து வெளியிட்டார். அதற்கு முன் 1969இல் ஆங்கிலேய இசைக்கலைஞர் ஜார்ஜ் ஹாரிசன், இலண்டன் ராதாகிருஷ்ணர் கோயில் அடியார்களைக் கொண்டு ஹரே கிருஷ்ண மகாமந்திரத்தைப் பதிவு செய்து, மேலைநாட்டு வானொலிகளில் ஒலிக்கச் செய்தார். 1997இல் சிதார்க் கலைஞர் ரவிசங்கரும் ஹாரிசனும் சேர்ந்து வேத மந்திரங்களை மெல்லிய வாத்தியத் துணையோடு ஓர் இசைத்தொகுப்பாக்கினார்கள். இவற்றை நான் வணங்கிக் கேட்பவன். திருவாசகம் என்னும் பெயரையே அறியாதிருந்த இளைஞர்கள் சிலர், அந்தச் சிம்பொனியைக் கேட்டபின் மூலநூலைத் தேடி வாங்கியதை நான் அறிவேன்.

ஆயினும் அவை கேட்பதற்காகச் செய்தவை. சுவாமி புறப்பாட்டில் நாகசுர மல்லாரியை வாய்மூடிக் கேட்கிறோம். அது கேட்கும் வேளை. தீபாராதனைக்குப் பின் பதிகமோ நாமாவளியோ தொடங்குவது பாடும் வேளை. கேட்கும் வேளைக்குச் செய்த ஒன்றைப் பாடும் வேளையில் கொண்டுவந்து வைத்தால்தான் கேடு விளைகிறது. அந்த இடம் மாறிய கேட்டைத்தான் நம் கெடா மாநிலக் கோயில்களில் இன்று காண்கிறேன்.

4. கூட்டத்தின் வாய் மூடிய கதை

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு நான் விரித்துச் சொல்லவேண்டியதில்லை. நகரத்தில் பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். இருள் பிரியுமுன் எழுந்து பெரட்டு என்னும் வருகைக் கணக்கெடுப்புக்கு நின்று, பால்மரம் வெட்டி, பால் எடுத்துக் கொட்டிவிட்டு லயம் என்னும் வரிசை வீடுகளுக்குத் திரும்பும் ஜனங்கள், வெள்ளிக்கிழமை இரவு மாரியம்மன் கோயிலில் கூடினார்கள். ஓர் ஆர்மோனியப் பெட்டி, ஒரு டோலக், நாலைந்து ஜோடி ஜால்ரா. பாட்டுத் தலைவர் ஓரடியைப் பாடிவிட்டு நிறுத்துவார். அந்த நிறுத்தத்திலே கூட்டம் அவ்வடியைத் திருப்பிச் சொல்லும். பெண்களின் குரல் மேலே எட்டாமல் கீறுகிறது என்று கண்டால், நாலு கட்டைச் சுருதியில் தொடங்கியவர் மறுபாட்டை இரண்டரைக் கட்டைக்கு இறக்கிக்கொள்வார். நாமாவளி தொடங்கும்போது நிதானமாயிருக்கும் வேகம், கைத்தட்டலின் உற்சாகத்தைப் பின்பற்றிச் சிறிது சிறிதாக ஏறி, உச்சத்தை அடைந்து, தலைவர் கையைத் தூக்கிய கணத்தில் அடங்கும். அந்த வேகத்தை நிர்ணயித்தது கூட்டம்.

ஏட்டுக் கல்வி கிட்டாத பாட்டாளிகளுக்கு அதுவே பள்ளிக்கூடமாயிருந்தது. எழுத்தறியாத தாய்மார் மாரியம்மன் தாலாட்டை முழுவதும் சொன்னார்கள் என்றால், அவர்களுக்கு அது வந்த வழி அந்த நிறுத்தம். தலைவர் ஓரடி சொல்லி, கூட்டத்துக்கு ஓரடி விட்டுக்கொடுத்த அந்த இடைவெளி. இதைப்போல் சிக்கனமான, இதைப்போல் நிச்சயமான போதனா முறை வேறொன்று எனக்குத் தெரியாது.

பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய்ப் பல இடங்களில் வீடமைப்புத் தாமான்கள் எழுந்தன. ஒரே லயத்தில் வாழ்ந்தவர்கள் சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் பினாங்குக் கரையிலும் சிதறினார்கள். தாமானில் எழுந்த புதிய கோயிலுக்கு ஐந்தாறு தோட்டத்து ஜனங்கள் வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொரு தோட்டத்தாருக்கும் ஒவ்வொரு மெட்டு. ஒருவர் எடுத்துக் கொடுத்த மெட்டு மற்றவர்க்குத் தெரியவில்லை, தலைவர்களுக்கோ வயதாகிவிட்டது. இந்த மௌனத்தை நிரப்பவே நிர்வாகத்தார் ஒலிநாடாவை வாங்கினார்கள், பின்னர்க் குறுந்தட்டு, இப்பொழுது பென் டிரைவ். நவீன இசை வந்து நம் பாட்டை விரட்டிவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். நடந்த வரிசை அதற்கு நேர்மாறானது. கூட்டம் சிதறிப் பாட்டு முதலில் நின்றது. நின்றுபோன இடத்தில்தான் ஒலிபெருக்கி வந்து அமர்ந்தது. இதை அறியாமல் ஒலிபெருக்கியைக் குறை கூறுவதனால் பயனில்லை.

இனி அந்த ஒலிபெருக்கியின் எதிரே என்ன நடக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஒரு தாமான் கோயிலில், அபிஷேகம் முடிந்து திரையிட்டிருந்த வேளை. அம்மன் பாட்டு ஒன்றின் புதுப்பிப்பை ஒலிக்கவிட்டார்கள். முதலில் இடியோசை, பின்னர் மின்வாத்தியங்களின் முழக்கம், பின்னரே பாட்டு. என் அருகில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் பாட்டை இனங்கண்டு முகம் மலர்ந்து, கைகளைத் தட்டிக்கொண்டு முதலடியைக் கூடப் பாடத் தொடங்கினார். கூட்டம் திருப்பிச் சொல்லவேண்டிய இடத்தில் கீபோர்டு ஓர் அலங்காரத்தை வாசித்தது. அம்மூதாட்டி அதனூடே அவ்வடியைத் திருப்பிச் சொல்லி முடிக்குமுன் பாட்டு இரண்டாம் அடிக்குத் தாவிவிட்டது. எட்டிப் பிடிக்க முயன்றார். சுருதியோ இளம் பாடகி ஒருத்தியின் உச்சக் குரலுக்கு வைத்தது. மூன்றாம் அடியில் பாடுவதை நிறுத்தினார். சற்று நேரத்தில் கைத்தட்டலும் நின்றது. பாட்டு முழுவதையும் அறிந்த ஒருவர், அப்பாட்டு ஒலிக்கும்போது பேசாமல் அமர்ந்திருந்தார். திரை விலகியபோது குருக்கள் சொல்லிய அர்ச்சனையும் அந்த முழக்கத்தில் ஒருவர் காதிலும் விழவில்லை.

அந்தப் புதுப்பிப்பில் மின்கித்தார் இருந்தது குற்றமன்று. அது கூட்டத்துக்கு விடவேண்டிய ஓரடி இடைவெளியைத் தான் எடுத்துக்கொண்டது. கூட்டத்தின் சுருதிக்கு இறங்கி வரவில்லை. கைத்தட்டலோடு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. அதே மின்கித்தாரை வைத்துக்கொண்டு, ஓரடிக்கு ஓரடி இடைவெளி விட்டு, இரண்டு கட்டை தாழ்த்தி அமைத்திருந்தால் அந்த மூதாட்டி பாடியிருப்பார். பக்கத்தில் இருந்த அவர் பேத்தியும் பாட்டியின் வாயைப் பார்த்துக் கற்றிருப்பாள். ஒலிப்பதிவு செய்யும் நம் இளைஞர்களை நான் கேட்டுக்கொள்வது இவ்வளவே: கோயிலுக்கென்று ஒன்றைச் செய்யும்போது, பாடகர் குரலுக்கு அடுத்தபடியாகக் கூட்டத்தின் குரலுக்கும் ஓர் இடத்தை அமைப்பிலேயே ஒதுக்குங்கள். கூடுமானால் பாடகர் குரலே இல்லாத ஒரு பதிப்பையும் உடன் வெளியிடுங்கள். அதன்மேல் ஊரார் பாடிக்கொள்வார்கள்.

5. உறுமி மேளம்

இம்மாநிலத்தில் இவ்விஷயத்தைப் பேசுவோர் உறுமி மேளத்தைப் பற்றிப் பேசாமல் போக இயலாது. தைப்பூசம் வந்தால், உறுமிக் குழுக்களைக் கட்டுப்படுத்தவேண்டும் என்றும், தண்ணீர்ப் பந்தல்களில் சினிமாப் பாட்டைத் தடுக்கவேண்டும் என்றும் குரல்கள் எழுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. சினிமாப் பாட்டைப் பொறுத்தவரை நான் தடுப்போர் கட்சியைச் சேர்ந்தவன். மெட்டு ஜனங்களின் நினைவைக் கையோடு இழுத்து வருவது. படத்தின் காட்சியை மனத்தில் எழுப்பும் மெட்டிலே முருகன் பெயரை இட்டாலும், மனம் படத்தின் பின்னேதான் செல்கிறது. தீட்சிதர் எடுத்துக்கொண்ட பாண்டு மெட்டுக்கும் இதற்கும் உள்ள பேதம் இதுதான்: கேட்ட ஜனங்களுக்கு அந்த மெட்டோடு பழைய காட்சி எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

ஆனால் உறுமியை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். வளைந்த குச்சியால் தோலை உரசி உரசி எழுப்பும் அந்த உறுமல், கிராமதேவதைகளின் சந்நிதியில் பிறந்தது. தோட்டத்துத் தீமிதியோடும் கரகத்தோடும் கடல் கடந்து நம்மோடு வந்தது. காவடி எடுப்பவன் பின்னே நடந்து பார்த்தவர்கள் அறிவார்கள்: அவன் கால் தளரும்போது குழு அவனைச் சூழ்ந்து நின்று வேகத்தைக் குறைக்கிறது, அவன் மூச்சு நிலைபெற்றபின் மெல்ல ஏற்றுகிறது. வாத்தியம் அடியாரின் காலைப் பார்த்து நடக்கிறது. முன்னே நான் வர்ணித்த பஜனைத் தலைவர் செய்ததையே இந்தப் பிள்ளைகள் வேறு கருவியால் செய்கிறார்கள். கணினித் தாளம் செய்யாததைச் செய்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன்மேல் காவடிச்சிந்து பாடியபோது, காவடி எடுப்போரின் நடைக்கு இசைந்த சந்தத்தையே இலக்கியமாக்கினார். உறுமிக்காரப் பிள்ளைகளிடம் நடை இருக்கிறது. சந்தத்துக்குரிய சொல்லை நாம் அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

சொல் எங்கே இருக்கிறது? மலேசிய இந்து சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் திருமுறை ஓதும் போட்டிகளில், நம் ஊர்ப் பிள்ளைகள் வெண்ணீறணிந்து வரிசையாக நின்று, பண்ணோடும் பிழையின்றியும் ஓதுகிறார்கள். ஒரே தாமானில், ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களில் ஒரு பகுதியினர் ஓதும் பிள்ளைகளாகவும் மற்றொரு பகுதியினர் உறுமிக்காரப் பிள்ளைகளாகவும் பிரிந்துபோய், ஒருவரை ஒருவர் அறியாமல் வளர்கிறார்கள். ஓதும் பிள்ளைகளின் பெற்றோர் உறுமிக்காரரைக் கண்டால் ஒதுங்குகிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இந்தப் பிரிவு நமக்குப் பெரும் நஷ்டம். ஒரு திருப்புகழின் சந்தத்தை ஓதும் பிள்ளை வாயால் சொல்ல, உறுமிக்காரப் பிள்ளை அதைத் தோலில் எடுத்துக்கொண்டால், தைப்பூசப் பாதையில் சினிமாப் பாட்டுக்கு இடமே இராது. தடை உத்தரவும் வேண்டியிராது.

6. செய்யத்தக்கவை

இவ்வறக்கட்டளையார் முன்னே இரண்டு விண்ணப்பங்களை வைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை வழிபாட்டில் ஒலிபெருக்கியை அடியோடு நிறுத்தும்படி நான் கேட்கவில்லை. தீபாராதனைக்குப் பின் ஒரே ஒரு பதிகத்துக்கு, அல்லது ஒரே ஒரு நாமாவளிக்கு, அதை அணைத்துவிட்டு, தெரிந்தவர் ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர் திருப்பிச் சொல்லும் பழைய முறையை மீண்டும் தொடங்கலாம். முதல் சில வாரங்கள் குரல் எழும்பாது, மெட்டுக்கள் மோதும். எந்தத் தோட்டத்து மெட்டு நிலைக்கவேண்டும் என்பதில் மனஸ்தாபமும் வரலாம். வரட்டும். பல தோட்டத்தார் சேர்ந்த இடத்தில் ஒரு மெட்டு பொதுமெட்டாக வளர்வதற்குக் காலம் பிடிக்கும். கீபோர்டு வாசிக்கும் பிள்ளை இருந்தால் அவனையும் அருகில் அமர்த்திச் சுருதி கொடுக்கச் சொல்லுங்கள். கூட்டம் எந்தக் கட்டையில் பாடுகிறதோ அந்தக் கட்டைக்கு அவன் வரவேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

மற்றொன்று அவசரமானது. தோட்டத்துப் பஜனை மெட்டுக்களை, மாரியம்மன் தாலாட்டைப் பாடும் முறையை, மார்கழி விடியலில் லயத்தைச் சுற்றிவந்து பாடிய பாட்டுக்களை நெஞ்சில் வைத்திருப்பவர்கள் இன்று மிக முதியவர்கள். அவற்றுள் பல அச்சில் ஏறியவையல்ல. அச்சில் ஏறியவற்றுக்கும் மெட்டு அச்சில் இல்லை. புதுப்பிக்க விரும்பும் இளைஞனுக்குப் புதுப்பிப்பதற்கு மூலம் வேண்டும். அது கிடையாமையால்தான் அவன் இசைத்தட்டில் வந்ததையே திரும்பத் திரும்ப எடுத்துக் கலக்கிறான். இப்பொழுது எல்லார் சட்டைப்பையிலும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. முதியவரைத் தனியே அமர்த்திப் பாடச்சொல்லாமல், நாலு பேர் திருப்பிச் சொல்ல அவர் எடுத்துக் கொடுக்கும்படியாகப் பதிவு செய்யவேண்டும். இல்லையேல் இடைவெளியின் அளவு பதிவாகாது. எந்தத் தோட்டம், யாரிடம் கற்றது, எந்தப் பண்டிகைக்குரியது, எத்தனை கட்டை என்னும் விவரங்களையும் உடன் எழுதிவைக்கவேண்டும். அப்பதிவுகளை ஓதும் பிள்ளைகளுக்கும் உறுமிக் குழுவினருக்கும் கணினியில் இசையமைப்போருக்கும் வேறுபாடின்றிக் கொடுக்கவேண்டும்.

செயலாளர் அவர்கள் வாசலில் ஒரு குறிப்பேட்டை வைத்திருக்கிறார். அப்படிப் பாடத் தெரிந்த மூத்தோர் எவரையேனும் அறிந்தவர்கள், அவர் எந்தத் தோட்டத்தவர், இப்பொழுது எந்தத் தாமானில் யார் வீட்டில் இருக்கிறார் என்பதை அதில் எழுதிவிட்டுச் செல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.